இசைத்தட்டுகளின் கூட்டுப் பட்டா

குத்தாலம்
12-6-2018

தேன்மொழி அப்பாவுக்கு, சாவித்திரி எழுதுவது.

இங்கே நானும் எருமையும் இன்வெர்ட்டரும் சௌக்கியம். புனேயில் நீங்கள், மகள், மாப்பிள்ளை எப்படி? போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "மாமா வாக்கிங் போயிருக்காங்க அத்தை" என்கிறார். இத்தனை நாள் நடந்த நடைக்கு நீங்கள் குத்தாலத்துக்கே வந்து சேர்ந்திருக்கலாம். கடிதத்தை மாப்பிள்ளை பிரிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபடி இசைத்தட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். ஜெராக்ஸ் கடை லியாகத் அலி பாய் பழைய லேப்டாப் ஒன்றில் சாப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார். வெள்ளைக்காரன் சங்கீதத்துக்குச் செய்தது போலிருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் கண்டக்டர் யார் என்று கேட்கிறது. "பாய், இது என்ன மாயவரம் பஸ்ஸா?" என்றேன். "விடுங்கக்கா, அந்த எடத்துல ராகத்தப் போடுங்க. மிஷினுக்கு என்ன தெரியப்போவுது" என்றார். ஆகவே உங்கள் அலமாரியில் இப்போது தோடி ஒரு கண்டக்டர், கல்யாணி ஒரு கண்டக்டர். டிக்கெட் கிழிக்காததுதான் பாக்கி.

கல்யாணமான நாள் முதல் அந்த அலமாரியைத் துடைத்திருக்கிறேனே தவிரத் திறந்ததில்லை. "ரேகை பட்டுடும், தொடாதே" என்பீர்கள். இப்போது போலீஸ் வந்து எடுத்தால் எல்லாத் தட்டிலும் என் ரேகைதான் இருக்கும்.

இனிச் சிரிக்காமல் ஒரு சங்கதி. எரிவாயுக் குழாய்க் கம்பெனிக்காரர்கள் நம் மேலக்கால் வயலில் மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டால், "உங்க வீட்டுக்காரர் சம்மதம் குடுத்துட்டாரும்மா" என்று நகலைக் காட்டினார்கள். உங்கள் கையெழுத்தேதான். நீங்கள் புனேக்கு ரயிலேறியதற்கு முதல்நாள் தேதி. அன்றைக்குத்தான் எனக்கு அல்வா வாங்கி வந்தீர்கள். இனிப்பு ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், புத்தியில்லை, தின்றுவிட்டேன்.

ஊர்ப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆளுங்கட்சிக்காரர் காலையில் வந்தார், எதிர்க்கட்சிக்காரர் மாலையில் வந்தார். நாற்காலி ஒன்றுதான். இருவருக்கும் அதுவே போதுமாக இருந்தது, பேச்சும் அப்படித்தான்.

வயல் உங்கள் பெயரிலும் என் பெயரிலும் கூட்டுப் பட்டா. ஜூலைக் கடைசியில் விசாரணை. அதற்குள் நீங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் வயல் தப்பும் என்கிறார் வக்கீல். மனு இத்துடன் இருக்கிறது. பென்சிலில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

பட்டியலின் முதல் பகுதியும் இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் கையெழுத்துப் போட்டபிறகு திட்டவும்.

சாவித்திரி


புனே
27-6-2018

அன்புள்ள சாவித்திரிக்கு, ஆசிகள்.

கடிதமும் பட்டியலும் கிடைத்தன. பட்டியலில் பிழைகள் மலிந்திருக்கின்றன. நீ உறையைப் பார்த்து எழுதியிருக்கிறாய். கேட்டு முடித்த தட்டைக் கையில் அகப்பட்ட உறையில் போடுவது என் வழக்கம். எது எதற்குள் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம் என்பதால் அதில் குழப்பம் வந்ததில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, நடுவில் ஒட்டிய லேபிளைப் படித்து எழுது. பிளேயரில் போட்டு முழுதும் கேட்டு, கீறல் எங்கே என்று 'நிலை' என்ற கட்டத்தில் குறி. இங்கே ஒருவர் மொத்தமாக விலைக்கு எடுத்துக்கொள்ள ஆர்வமாக இருக்கிறார். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நீ மோகனம் என்று எழுதியிருப்பது மோகனம் அன்று, பிலஹரி.

வயல் விஷயம். கூட்டுப் பட்டாவானால் ஒருவர் கையெழுத்தே போதும் என்று அதிகாரி சொன்னார். உன்னை ஏன் அலையவைப்பது என்றுதான் நானே போட்டேன். குழாய் மண்ணுக்குள் போய்விடும், மேலே நடவு நடலாம் என்கிறார்கள். அரசாங்கத்தோடு நமக்கு எதற்கு வம்பு? பந்தலில் வெயிலேற உட்காராதே, உனக்குத் தலைவலி வரும்.

பஞ்சநதம்


குத்தாலம்
9-7-2018

தேன்மொழி அப்பாவுக்கு,

என் தலைவலியை நினைவு வைத்திருப்பதற்கு நன்றி. அது சௌக்கியமாக இருக்கிறது. மனுவைப் பற்றி ஒரு வரியும் காணோம். உறையைப் பிரித்து உதறிக்கூடப் பார்த்தேன்.

பந்தலிலிருந்து வந்ததும் தட்டுகளைப் போட்டுக் கேட்கிறேன். வீணை உறைக்குள் தவில், தவில் உறைக்குள் புல்லாங்குழல். உறையில் ஒன்று, உள்ளே ஒன்று. கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு இதில் ஆச்சரியம் என்ன?

பக்கத்து வயல் அம்சம் துணைக்கு வருகிறாள். கீறல் விழுந்த ஒரு தட்டில் பாடகர் அதே அடியில் நின்றுவிட்டார். அம்சம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "என்னக்கா இவரு, நம்ம தாசில்தாராட்டம் சொன்னதையே சொல்றாரு?" என்றாள். நிலை என்ற கட்டத்தில் 'தாசில்தார்' என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன், சாப்ட்வேர் மேல் வழக்குப் போட்டுவிடப் போகிறார்கள்.

நேற்று ஒரு சஹானா. வயலின்தான். தட்டு ஓடி முடிந்தது. அம்சம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தன நாளா இத உள்ள வச்சுப் பூட்டியா வச்சிருந்தாரு?" என்று கேட்டாள். ஒவ்வொன்றும் மேலக்கால் நெல்லை விற்று வாங்கியது. அந்த நெல்லுக்கு நாற்று நட்டவள் அவள். சாம்பாரைக் கிளறிக்கொண்டே கதவிடுக்கில் கேட்டவள் நான்.

ஒரு சந்தேகம். 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் சாப்ட்வேர் அடுத்த பக்கத்துக்கு நகரமாட்டேன் என்கிறது. யார் பெயரைப் போட?

விசாரணை 30ஆம் தேதி. இரண்டாம் பட்டியலோடு இன்னொரு மனுவும் வைத்திருக்கிறேன். இந்த முறை பேனாவால் குறி போட்டிருக்கிறேன். போட்டுவிடுங்கள். அப்புறம் நீங்கள் புனேயிலேயே இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். வந்தால் சந்தோஷம். உங்கள் ஈஸிசேரில் எருமை உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன்.

சாவித்திரி


புனே
6-8-2018

அன்புள்ள சாவித்திரிக்கு,

இரண்டாம் பட்டியல் மிக நன்று. ராகங்களில் பிழையே இல்லை. உனக்கு இவ்வளவு ஞானம் உண்டென்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உரிமையாளர் என்ற இடத்தில் நம் இருவர் பெயரையும் போடு. வீட்டுச் சொத்துதானே. உனக்கும் ஒரு திருப்தியாக இருக்கும். ஐப்பசியில் வந்து எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுகிறேன். அதுவரை ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

மனுவை மேசை மேலேயே வைத்திருந்தேன். கொடுத்த சம்மதத்தை நானே மறுத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் தேதி கடந்துவிட்டது. எல்லாம் நல்லதுக்கே.

இது சத்தம் ஆகாத வீடு. தேன்மொழி ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், காது வியர்க்கிறது. அந்த நாகஸ்வரத் தோடி எந்த உறையில் இருந்தாலும் தேடி எடுத்து, ஒருமுறை போட்டுக் கேட்டு, எப்படி இருக்கிறது என்று எழுது.

பஞ்சநதம்


குத்தாலம்
14-9-2018

தேன்மொழி அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட தோடி பிலஹரி உறைக்குள் இருந்தது. போட்டேன். ஆலாபனை மேலே ஏறுகிற நேரம் ஊசி துள்ளியது. கீறலாக்கும் என்று தட்டைத் துடைத்து மறுபடி போட்டேன், மறுபடி துள்ளியது. அப்புறம்தான் தரை அதிர்வது உறைத்தது. மேலக்காலில் பொக்லைன் இறங்கியிருந்தது.

குறுவை பால் பிடித்திருந்தது. அம்சம் குறுக்கே படுத்தாள். நாலு பெண் போலீஸ் அவளைத் தூக்கிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எனக்கும் அதே மண்டபம்தான். தேன்மொழிக்குத் தாலி கட்டிய மண்டபம். மத்தியானம் தயிர்சாதம் போட்டார்கள், ஊறுகாய் இல்லை. வெளியே விட்டபோது வயல் நடுவே பள்ளம், ஓரத்தில் களிமண் குவியல், அதில் கதிர்கள் தலைகீழாக நீட்டிக்கொண்டிருந்தன. மேலே நடவு நடலாம் என்று எழுதினீர்களே. அடிமண் மேலே, மேல்மண் அடியில். எதில் நடுவது?

தோடியின் நிலை: நன்று. கீறல் இல்லை.

பட்டியல் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி உரிமையாளர் கட்டத்தில் இருவர் பெயரும் போட்டேன், பட்டாவில் உள்ளபடி உங்கள் பெயர் முதலில். போன செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரிலிருந்து ஒரு இசைக் கல்லூரி நூலகத்து வேன் வந்தது. தட்டுகள் மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன், இனாமாக. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம், பூட்டு கிடையாதாம். அம்சத்துக்குத்தான் முதல் உறுப்பினர் அட்டை கேட்டு வாங்கினேன்.

வந்தவர் பட்டியலைப் பார்த்துத் தயங்கினார். "ரெண்டு பேர் பேரு இருக்கேம்மா, சாரும் கையெழுத்துப் போட வேணாமா?"

"கூட்டுச் சொத்துக்கு ஒருத்தர் கையெழுத்தே போதும் சார். எங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரு" என்று உங்கள் கடிதத்தைக் காட்டினேன். உங்களை ஏன் அலையவைப்பது என்றுதான் நானே போட்டேன்.

ஐப்பசியில் லாரி வேண்டாம். வீட்டில் ஏற்ற ஒன்றும் இல்லை. பிளேயரை மட்டும் பார்சலில் அனுப்புகிறேன். மேல்மூடி கண்ணாடி, பார்த்துப் பிரியுங்கள். சத்தம் ஆகாத வீட்டுக்குத் தோதாக இருக்கும்.

சாவித்திரி