காற்று வெளியேறும் வழி

பீளமேடு
4.2.1996

அன்புள்ள மாப்ளே கோபாலசாமிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் நானே கட்டுகிற ஏரோப்ளேனின் இன்ஜினை ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டினேன். பறந்தது என் வேட்டி மட்டும்தான். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தியம்மா திருப்பவில்லை. என் வீட்டுக்காரி ராசம்மாள் அத்தனை பேர் முன்னாலும், "ஏனுங்க, அடுத்த தடவை பேண்ட்டு போட்டுட்டுப் பறங்க" என்று சொல்லிப்போட்டாள்.

கஷ்டம் அதுவல்ல. இன்ஜின் பழைய ஜெர்மன் காரிலிருந்து கழற்றியது. தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிர்கிற ரகம். ஒரு டீ குடிப்பதற்குள் தோசைக்கல்லாகிவிடுகிறது. மூக்கு வழியாகக் காற்றை வாங்கி, சிலிண்டர்கள் மேல் விட்டு, வெளியே அனுப்ப ஒரு தகர டக்ட் வேண்டும். நீ பெங்களூரில் விமானக் கம்பெனியில் உட்கார்ந்து இதைத்தானே வரைகிறாய்? எனக்கும் ஒன்று வரைந்து அனுப்பு. பம்புசெட் செய்தே செத்தான் என்று ஊர் என்னைச் சொல்லக் கூடாது.

உன் தம்பி பிரவின்குமார் தினமும் ஷெட்டுக்கு வருகிறான். பைலட் லைசென்ஸ் வாங்கியும் வேலை இல்லாத பையன். "நாந்தானுங்க ஓட்டுவேன்" என்கிறான். யார் தடுத்தது?

உன்
பொங்கியண்ணன்

பெங்களூர்
20.2.1996

அன்புள்ள பொங்கி,

வேட்டிக்கு என் அனுதாபம். வரைபடம் இத்துடன் இருக்கிறது. கோட்டைமேட்டு அப்துல் கையூம் பாயிடம் கொடு, தகர வேலையில் அவர் கை சுத்தம். சிலிண்டருக்கும் தகரத்துக்கும் நடுவே சந்து விடாதே. காற்று சோம்பேறி, சுலபமான வழி கிடைத்தால் சிலிண்டர் பக்கமே போகாது. போட்ட அளவை மாற்றாதே.

தம்பிக்கு ஜூனில் ஒரு விமானக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. அம்மா போன பிறகு அவன் சிரித்துப் பேசுவதை இப்போதுதான் கேட்கிறேன். தரையில் நன்றாக ஓட்டிப் பார்த்த பிறகு அவனை ஏற்று.

அன்புடன்
கோபாலசாமி

பெங்களூர்
9.5.1996

பொங்கியண்ணன்,

ஆஸ்பத்திரிக்கு நீ வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பிரவினுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விமானம் சூலூர்ச் சோளக்காட்டில் விழுந்தது அவனுடைய கவனக்குறைவால் என்று விசாரணையில் நீ எழுதிக் கொடுத்திருப்பதாகத் தெரிகிறது. சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனதென்றும், இறங்கத் திரும்புவதற்குள் இன்ஜின் இறுகி நின்றதென்றும் அவன் சொல்கிறான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சூடான காற்று உப்பும். அதனால்தான் நுழையும் வாயைவிட வெளியேறும் வாயைப் பெரிதாக வரைந்தேன். அப்படியே செய்தாயா? செய்திருந்தால், என் தம்பியை முடமாக்கியது என் வரைபடம். அது தெரியாமல் அவன் கட்டிலருகே என்னால் உட்கார முடியவில்லை.

கோபாலசாமி

பீளமேடு
20.5.1996

அன்புள்ள மாப்ளே,

மாமன் மேல் கோபமா? ஆஸ்பத்திரிக்கு வந்தேனப்பா, வாசல் வரைக்கும். பினாயில் வாடை எனக்கு ஆகாது, திரும்பிவிட்டேன். உள்ளே வந்து மயங்கி விழுந்திருந்தால் உனக்கு இரண்டு கட்டில் செலவு.

ஊர்ச் செய்தி: பிரவின் பார்த்துவைத்திருந்த இளவேனிலுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. நானும் போயிருந்தேன். பாயசம் பிரமாதம். அவனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு; எனக்கு இதெல்லாம் சொல்ல வராது.

விசாரணையில் நான் வேறு என்னதான் எழுத? என் ஃபவுண்டரியை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது! ஓர் ஆளுக்காக அதை இழுத்து மூட முடியுமா? எப்படியும் அவன் இனி ஓட்டப்போவதில்லை, பழியைத் தாங்கினால் என்ன குறைந்துவிடும்? நம் ஸ்டோர்ஸில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை இருக்கிறது, அனுப்பிவை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் படத்தை அச்சு அசலாகச் செய்தோம், கையூம் பாயே சாட்சி. மனசைத் தேற்றிக்கொள் மாப்ளே. படித்தவனுக்கும் கை பிசகும். நான் இதை வெளியே யாரிடமும் சொல்லப்போவதில்லை.

என்றும் உன்
பொங்கியண்ணன்

பி.கு.: வெளியேறும் வாயை மட்டும், நுழையும் வாயைவிட ஒரு சைஸ் குறைத்து வைக்கச் சொன்னேன். பம்புசெட்டில் தண்ணீரை உள்ளே இழுக்கிற சக்‌ஷன் பைப்பைவிட வெளியே தள்ளுகிற டெலிவரி பைப் ஒரு சைஸ் சின்னதாகத்தான் இருக்கும். இதைக் கோயமுத்தூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.