மச்சாளுக்குத் துவக்குச் சமாச்சாரம்

கர்க்லாண்ட், மொன்றியல்
ஒக்டோபர், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகம். ஒஸ்லோக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி? அவர் உங்களிடம் வைத்த முறைப்பாடு உண்மைதான், நான் சுடுகிற துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். போனில் விளங்கப்படுத்தலாம் என்றால் அவர் பக்கத்தில் நின்று காது குடுப்பார். அதுதான் எழுதுகிறேன். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எல்லாம் புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில் என்னோடு வேலை செய்யும் ஜினெத்தால் வந்தது. லவாலுக்கு அப்பால் ஒரு சுடும் கிளப்பில் அவள் உறுப்பினர். சும்மா பார்க்கப் போன என்னைக் கடதாசி வட்டத்துக்குச் சுட வைத்தாள். முதல் நாளே ரவை நடுவுக்குக் கிட்டப் போய் விழுந்தது. ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு ஒரு விளையாட்டு வருமென்று யார் கண்டது? வகுப்புக்குப் போய் லைசென்ஸும் முறையாக எடுத்தேன்.

கடைக்காரர் முதலில் படத்தில் வருவதுபோலக் கறுப்பாய் ஒன்றை நீட்டினார். ஒவ்வொரு தரமும் கையால் இழுத்து ரவை ஏற்றுகிற சின்ன ரவைத் துவக்கு, டுவென்டி டூ, போதும் என்றாள் ஜினெத். பெரியவர்களுக்குச் செய்ததில் தோள்கட்டை நீளம், எனக்குக் கண் எட்டவில்லை. கடைசியில் இளம் பிள்ளைகளுக்கென்று கட்டையைக் குறைத்துச் செய்ததைத் தோளில் வைத்தேன், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. விலையும் காருக்குப் போடும் நாலு வின்டர் ரயரை விடக் குறைவு. குறி பார்க்க மேலே பூட்டுகிற ஸ்கோப்தான் தலையிடி. நிலாவைப் பார்க்கிற அளவில் ஒன்றைக் காட்டினார். நாங்கள் சுடுவதோ ஐம்பது மீற்றர். பெரிய துவக்குக்குச் செய்த ஸ்கோப்பில் அந்தத் தூரத்தில் கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலே குறியும் அசையுமாம். சின்னத் துவக்குக்கென்றே செய்த மலிவான ஒன்றை எடுத்தோம். ஆனால் அதைப் பூட்டும் வளையங்களை நான் அளவு பிழைத்து வாங்கிவிட்டேன். சரியானவை வரும்வரை துவக்கு கீழே பேஸ்மென்ட் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது, ஸ்கோப் மட்டும் பெட்டியோடு ஹோல் தட்டில்.

உங்கள் தம்பி என்னை மறிக்கவில்லை. மறித்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். பேஸ்மென்டுக்கு இறங்குவதை மட்டும் விட்டுவிட்டார். உடுப்புத் தோய்க்கும் மெஷின் அங்கே இருப்பதால் அவருடைய உடுப்பும் என் தலையில் விழுந்தது. உங்கள் மூத்த தம்பி கேதீஸ் அத்தானை ஊரில் சந்தியில் சுட்டுப்போட்டபோது ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்திருந்தவர் இவர்தானே. அந்தப் பெயரையே வீட்டில் எடுக்க மாட்டார். ஒருநாள் சாப்பிடும்போது, சரஸ்வதி பூசை வரைக்கும் பொறுக்கிறன், அதுக்குப் பிறகும் எனக்கு அந்தரமா இருந்தா உந்தத் துவக்கைத் திருப்பிக் குடுத்துவிடும் என்றார். ஓம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு விருப்பமே இல்லை மச்சாள்.

பூசையும் வந்தது. வழக்கம்போல அவர் விடிய எழும்பித் தன் ட்ரில், ஸ்க்ரூட்ரைவர், கார்த் திறப்பு, என் தையல் மெஷின் எல்லாவற்றையும் சாமியறையில் வைத்துப் படைத்தார். துவக்கைப் பற்றி ஒரு சொல்லில்லை. கேட்க எனக்குப் பயம், படைத்த கடலையைத் தின்றேன்.

நேற்று, இதுதான் கடைசித் தரம் என்ற நினைப்போடு கிளப்புக்குப் போனேன். ஜினெத் புது வளையங்களைப் போட்டு ஸ்கோப்பைப் பூட்டித் தந்தாள். கண்ணை வைத்தால் பனிப்புகார் மூடினதுபோல ஒரே மஞ்சள். இருக்கிற திருகாணி எல்லாம் திருகிப் பார்த்தோம். மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தோம். பிறகு ஜினெத் முன்கண்ணாடியை விரலால் சுரண்டி மணந்து பார்த்து, இதென்ன வாசம் என்று கேட்டாள். சந்தனம், மச்சாள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பூசி, நடுவில் குங்குமமும் வைத்து, ஒரு குறையும் விடவில்லை. நான் சிரித்தேன், பிறகு அழுதேன், ஜினெத் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். துடைத்துவிட்டு முதலில் கிட்டத்திலும் பிறகு ஐம்பதிலும் சுட்டுப் பார்த்து, ரவை இடத்துக்கு வரும்வரை திருகாணியைக் கிளிக் கிளிக்கென்று நகர்த்தினோம். கடைசியாகச் சுட்டதெல்லாம் ஒரு டொலர் காசுக்குற்றிக்குள் அடங்கியது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் கோப்பை கழுவிக்கொண்டே, எல்லாச் சாமானும் பூசையிலை இருக்க அது மட்டும் தனியத் தட்டிலை கிடந்தது, பாவமா இருந்திச்சு என்றார். கண்ணாடியிலா பூசுவது என்று கேட்டேன். அதிலை நெத்தி எங்கை எண்டு எனக்குத் தெரியேல்லை என்றார். பிறகு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். வாற ஞாயிறு என்னோடு வருவாராம். வெடிச் சத்தத்துக்குக் காதுக்குப் போட ஏதும் குடுப்பார்களா என்று விசாரித்தார்.

மச்சாள், இனிப் போன் எடுத்தால் துவக்குக்காக என்னை ஏச வேண்டாம், சந்தனத்துக்காக அவரைப் பகிடி பண்ணவும் வேண்டாம். கேதீஸ் அத்தான் சைக்கிளோடு நிற்கும் படம் உங்களிடம் இருக்கிறதாம். அதைப் பெரிதாக்கி ஒன்று அனுப்பிவிடுங்கள். ஹோல் சுவரில் இன்று காலை ஆணி அடித்து வைத்திருக்கிறார், உங்களிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

நீங்கள் நல்லாய் இருக்கவேண்டும்.

என்றும் உங்கள் அன்பு மச்சாள்,
செல்வமலர்