உன் மரையில் குற்றமில்லை

இன்று காலை லென்ஸ் பெட்டியைத் திறந்தேன். மழைக்காலம் முடிந்ததும் வெயில் காட்டி எடுக்காவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். மூடியைத் தூக்கியதும் கம்பளித் துணியிலிருந்து மண்ணெண்ணெயும் பித்தளையும் கலந்த வாசனை வந்தது. உன் சட்டையின் வாசனை. மனதில் ஏதாவது அசையும் என்று பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. லென்ஸைத் துடைத்து வெயிலில் வைத்தேன். அதன் பிறகுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

உலகச் சண்டை முடிந்து ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது அது. விமானத்திலிருந்து படம் பிடிப்பதற்காகச் செய்த லென்ஸ். அம்மிக் குழவி அளவு, ஏறக்குறைய அதே கனம். ராயபுரம் கல்மண்டபத்தில் கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுக்கிறவனுக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் வாங்கினேன். நீ லேத்து வேலை முடிந்து வருகிற வழியில் ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாய். “இன்னா மாமு, பீரங்கிய வாங்கினு வந்துகீற!”

அதற்கு வேலை வந்தது எண்ணூர் பக்கம் காத்திவாக்கம் மீனவர் குப்பத்திலிருந்து. கன்னியப்பனை நினைவிருக்கும் உனக்கு. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அந்தப் பழக்கத்தில் என்னைத் தேடி வந்தார். சரக்குப் படகுகளை இழுத்துப் போகும் ஒரு தனியார் லாஞ்சு, ஆழத்தில் போக வேண்டியது, சுருக்கு வழி என்று கரையோரமாகவே வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. முதலாளியைக் கேட்டால் எங்கள் லாஞ்சு அந்தப் பக்கமே வருவதில்லை என்கிறார். துறைமுக அதிகாரியோ, லாஞ்சின் பேர் தெரிகிற மாதிரி ஒரு படம் கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

“கட்டுமரம் கிட்ட போனா அவன் திருப்பிகினு பூட்றான்பா. கரைல இருந்தே புடிக்க முடியுமா?” என்று கேட்டார் கன்னியப்பன்.

பெரிய லென்ஸ் இருந்தால் முடியும். ஆனால் என்னிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கேமரா. அதன் முகப்பில் லென்ஸைத் திருகுவதற்கு ஒரு தகடு. அந்தத் தகட்டைப் பிடித்திருப்பவை நாலு பொடி ஸ்க்ரூ. அவ்வளவுதான். நீ மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் லேத்தில் நின்று, ஒரு பக்கம் பீரங்கிக்கும் மறுபக்கம் கேமராவுக்கும் பொருந்துகிற மாதிரி பித்தளை வளையம் ஒன்றைக் கடைந்து, திருகிப் பூட்டுவதற்கு மரை வெட்டிக் கொடுத்தாய். கேமராவின் முதுகைத் திறந்து எண்ணெய்க் காகிதம் ஒட்டிப் பார்த்தோம். மாதா கோயில் கோபுரம் தலைகீழாக, அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கையோடு தெரிந்தது.

கொடுக்கும்போது நீ என்னை உட்கார வைத்துச் சொன்னாய்: “கேமரா வேற, லென்சு வேறயா எடுத்துனு போ. அங்க போய் மாட்டு. மாட்னப்பறம் கை லென்சுக்கு அடியில இருக்கணும். கேமராவப் புடிச்சித் தூக்கிடாத. பெரிசுதான் சின்னத்தத் தாங்கணும், சின்னது பெரிசத் தாங்காது.”

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இனி எழுதப் போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருஷம் அவகாசம் இருந்தது.

அன்றைக்கு நான் வீட்டிலேயே லென்ஸைக் கேமராவில் மாட்டி, கேமராவின் வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினேன். கடற்கரையில் மாட்டினால் மணல் புகுந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்தப் பீரங்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்தார்கள். கண்டக்டர் நான் பத்திரிகைக்காரனா என்று கேட்டார். திருவொற்றியூர் தாண்டியதும் ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் லென்ஸ் என் வயிற்றில் இடித்து இடித்துத் தொங்கியது. காத்திவாக்கத்தில் இறங்கிப் பார்த்தபோது தகட்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி. ஸ்க்ரூக்கள் இழுத்துக்கொண்டு வந்திருந்தன. அதே நேரம் லாஞ்சு தெரிந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பாதி வெளிச்சம் புகுந்து எரிந்துபோயிருந்தது, மீதி கலங்கல்.

அன்று சாயங்காலம் நீ கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். “எப்டி மாமு புட்டுகிச்சி?”

“நீ சொன்னா மாதிரி தனித்தனியாத்தான் எடுத்துனு போனேன். அங்க திருகும்போதே இழுத்துனு வந்துட்ச்சி” என்றேன்.

ஒரு நொடி கூட யோசிக்காமல் அது என் வாயிலிருந்து வந்தது. நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து மரையை நகத்தால் தடவிப் பார்த்தாய். “அப்ப மரை இறுக்கமா பூட்ச்சி போல. என் தப்புதான்” என்றாய்.

கேமராவைச் சரிசெய்ய நாள் பிடித்தது. அதற்குள் லாஞ்சு இன்னொரு முறை வந்தது. வலை அதன் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ள, கட்டுமரம் இழுபட்டுப் புரண்டு, கன்னியப்பனின் வலது கால் கட்டைகளுக்கு நடுவில் மாட்டி முறிந்தது.

செய்தி உனக்கும் வந்தது. மறுநாள் ஒரு தேக்குப் பலகையோடு வந்தாய். அதில் இரண்டு இடத்தில் பிறை மாதிரி குடைந்து, கம்பளித் துணி ஒட்டி, மேலே பித்தளைப் பட்டை போட்டு லென்ஸைப் படுக்க வைத்து இறுக்கினாய். கேமரா முக்காலியின் திருகாணி பலகைக்கு அடியில் ஏறியது. சாமான் மொத்தமும் சாயாமல் நிற்கிற இடத்தை விரலின் மேல் வைத்துப் பார்த்து அங்கேதான் துளை போட்டாய். கடைசியில்தான் கேமராவைப் பின்னால் மெல்லத் திருகினாய். இப்போது கேமரா எதையும் சுமக்கவில்லை. லென்ஸின் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை நீயும் கூட வந்தாய். பலகையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய், கேமரா என் பையில். நாலு படம் எடுத்தேன். லாஞ்சின் மூக்கில் எழுதியிருந்த பேர் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அதிகாரி முதலாளியைக் கூப்பிட்டு மேஜையில் படத்தை வைத்தாராம். அதற்குப் பிறகு லாஞ்சு கரைப்பக்கம் வரவில்லை.

கன்னியப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு உன் வீட்டுக்கு ஒரு கூடை இறால் கொண்டு வந்தார். கால் கோணலாகச் சேர்ந்திருந்தது. நீ அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“மொத தபாவே படம் வந்திருந்தா உன் காலு நல்லாருந்திருக்கும் நைனா. நான்தான் மரைய ஒழுங்கா வெட்டல.”

“அத்த வுடுபா. கடலுக்குப் போறவனுக்கு இதெல்லாம் புச்சா?” என்றார் அவர்.

நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. உன் மனைவி செலினிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அடுத்த வருஷம் நீ லேத்து வேலையை விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு வார்ப்படப் பட்டறைக்குப் போனாய். இரும்பு உருக்குகிற இடம். புகையும் மண்தூசியும். ஏன் என்று கேட்டதற்கு “சும்மாத்தான் மாமு” என்றாய். பிறகு இருமல் வந்தது. இருமல் உன்னோடேயே தங்கிவிட்டது. கடைசி மாதங்களில் வாசலுக்கு வரவே நீ இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

நீ போன அன்று செலின், “அண்ணே, ஒரு படம் எடுத்துக் குடுங்க. புள்ளைங்களுக்கு மூஞ்சி மறந்துடும்” என்றாள். எடுத்தேன். சவப்பெட்டியில் கிடந்த உன் முகத்துக்கு வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். மூக்கின் நிழல் உதட்டில் விழாத மாதிரி பார்த்துக்கொண்டேன். நல்ல படம். அழாமல் வேலை செய்ததைப் பார்த்து என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து செலின் வீடு திரும்புகிற நேரத்துக்குப் போய்வந்தேன். ஏதாவது வாங்கிப் போவேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது உன் மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனை லேத்து வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன்.

“வாணாம்ணே. அவுரே அத்த வெறுத்துதான வுட்டாரு” என்றாள். “அந்த வருசம் டூல் ரூமுக்குக் கூப்ட்டாங்க. நெழல்ல நின்னு செய்ற வேல, எல்லாரும் ஆசப்பட்ற எடம். இவுருதான் போவல. ஒரு மரை ஒழுங்கா வெட்டத் தெரியல, ஒரு ஆளு காலு பூட்ச்சி, என் கைய நம்பி எவன் உசுர வைக்கிறதுன்னு சொல்லிகினு இருந்தாரு. அப்பால லேத்துகிட்டயே போவல.”

எனக்கு அது தெரியாது. நிஜமாகவே தெரியாது.

பஸ்ஸில் போனதிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, யாருக்கோ விலாசம் சொல்கிற மாதிரி. அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. “அவுரு இருக்கசொல்ல இத்த சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“ஆமா தங்கச்சி.”

“இனிமே வராதீங்கண்ணே. எனக்கு மனசு ஆச்சின்னா நானே ஆளு வுட்டு சொல்லி அனுப்பறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னும் ஆள் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. மனம் இப்போதும் மரத்துத்தான் கிடக்கிறது. அழுகை என்று ஒன்று வந்தால் அன்றைக்கு அழுகிறேன். அதுவரை உன்னைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: ராயபுரத்திலேயே உன் கை மாதிரி சுத்தமான கை கிடையாது. அன்று கெடுத்தது நான். நேற்று காத்திவாக்கம் போய்க் கன்னியப்பனிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.