கண்ணாடியில் உலர்ந்த படம்

பிஷ்கெக்
3 மார்ச் 1998

ஓரோசாலி அவர்களுக்கு,

இருபது வருடம் கழித்து எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், நம் மகள் மிர்குல் நலம்.

பாலம் உடைந்த அன்று குதிரைக்காரர்கள் ஆற்றில் வரிசையாக நின்று பள்ளிப் பிள்ளைகளைக் கரை சேர்த்தார்களே, அந்தப் படத்தை இங்கே அருங்காட்சியகத்தில் பெரிதாக வைக்கப் போகிறார்கள். கீழே எசென்பாய் பெயர். நம் பத்திரிகையின் தலைமைப் புகைப்படக்காரர், அதனால் அவர் படமாம். எடுத்தது, அங்கே இருட்டறையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த நான் என்று உங்களுக்குத் தெரியும்.

படத்தை ஆராயும் நூர்ஜானிடம் போய்ச் சொன்னேன். விரட்டவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். "அக்கா, பளபளப்புல மயிரிழை மாதிரி ஒரு மேடு ஓடுது. இதை எங்க காய வெச்சீங்க?" என்றாள்.

அன்று அலுவலகத்தின் உலர்த்தும் தகடு கெட்டுக் கிடந்தது. பிரிண்ட் போட்ட கையோடு ஈரப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பளபளப்பு வரட்டும் என்று நம் நிலைக்கண்ணாடியில் படத்தின் முகம் பதிய ஒட்டிக் காயவைத்தேன். வீடு மாறியபோது லாரியில் ஏற்றுகையில் நீங்கள் கீறிவிட்ட அதே கண்ணாடி. அந்தப் பள்ளம்தான் படத்தில் மேடாக எழுந்திருக்கிறது.

கண்ணாடி இருக்கிறதா, அதையும் உடைத்துவிட்டீர்களா?

சூராகான்


நாரின்
15 மார்ச் 1998

சூராகான்,

முதல் வரியிலேயே அடி விழுந்தது. பதினோரு வருடம் குடும்பம் நடத்தினோம், ஒரு நாள்கூட என் பெயர் உன் வாயில் வந்ததில்லை. எப்போதும் "மிர்குலோட அப்பா"தான். இப்போது தபால்காரன் மாதிரிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய். சரி, நான் தேடிக்கொண்டது.

கண்ணாடி இருக்கிறது. தினமும் அதில்தான் சவரம். கீறல் என் கன்னத்தின் குறுக்கே ஓடும். கீறிய ஆணி உன் பெட்டியில் இருந்தது என்பதும் நினைவிருக்கட்டும்.

எண்ணெய்த்தாள் வைத்துக் கீறலை வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் எசென்பாய் சாவதற்கு முன் புத்தகமே எழுதிவிட்டாரே, தானே எடுத்து, தலைநகரில் பிரிண்ட் போட்டு, மே 16 அன்று நாரினுக்குக் கொண்டுவந்ததாக. உன் பேச்சு எடுபடுமா?

ஓரோசாலி


பிஷ்கெக்
2 ஏப்ரல் 1998

ஓரோசாலி அவர்களுக்கு,

தாளைப் படத்தின்மேல் வைத்தோம், பொருந்தவில்லை. நூர்ஜான் தாளைத் திருப்பிப் போட்டாள். "படம் கண்ணாடியப் பார்த்துத்தானக்கா ஒட்டியிருந்துச்சு. திருப்பித்தான் வைக்கணும்." நடுவில் கொக்கிபோல் வளையும் இடம்கூட அப்படியே உட்கார்ந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். படத்தின் பின்னால் எசென்பாய் பெயரோடு ஒரு தட்டச்சுச் சீட்டு ஒட்டியிருந்தது. நீராவி காட்டி உரித்தாள். அடியில் நம் அலுவலகத்தின் வரவு முத்திரை: 14 மே 1978. அவர் கொண்டுவந்ததாகச் சொல்லும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே படம் நாரினில் இருந்திருக்கிறது.

பிரிண்ட் போட்டது நான்தான் என்று அருங்காட்சியகக் குழு ஒப்புக்கொள்கிறது. நான் காமிராவோடு ஆற்றுக்குப் போனதைப் பார்த்தவர் யார் என்று கேட்கிறது. பார்த்தவர் ஒருவர்தான். அன்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது "வீட்டுலதான் இருந்தா" என்று சொன்னவரும் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மிர்குலைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கண்ணாடியை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

சூராகான்


நாரின்
21 ஏப்ரல் 1998

சூராகான்,

அருங்காட்சியகத்தில் குழு என்னை விசாரித்தபோது உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நானும் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

கண்ணாடியைக் கம்பளத்தில் சுற்றி, பஸ்ஸில் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு நானே வந்தேன். "ஜன்னல் சீட்டு கெடைக்கலேன்னு ஜன்னலையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று ஒருவன் கிண்டல் செய்தான்.

குழுவிடம் சொன்னேன்: "அவ காமிராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, என்னோட ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஆத்துக்கு ஓடினா. என் கண்ணால பார்த்தேன். எசென்பாய் அன்னிக்கு ஊர்லயே இல்ல, தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவரைப் பகைச்சுக்கிட்டா பத்திரிகையில என் அச்சுக்கோக்கிற வேலை போயிடும்னு பயந்து பொய் சொன்னேன்."

தலைவர் கேட்டார்: "இருபது வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். தெனமும் அந்தக் கீறல்லதான் முழிச்சேன்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டப் போகிறார்களாம். இங்கே சுவர் வெறிச்சென்று இருக்கிறது. தாடி வளர்கிறது.

ஓரோசாலி


பிஷ்கெக்
10 மே 1998

மிர்குலின் அப்பாவுக்கு,

நேற்றுத் திறந்துவிட்டார்கள். படத்தின் கீழே கொட்டை எழுத்தில்: "புகைப்படம்: சூராகான் சத்தாரோவா, நாரின், 14 மே 1978." மிர்குல் சத்தமாக நான்கு முறை வாசித்தாள். நானும் தடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தெரியாதவர்கள்கூடக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் வரவில்லை.

கோபம் முழுவதும் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். திட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுதி முடியாது.

நேற்று வரும் வழியில் ஒரு கண்ணாடி வாங்கினேன். கீறல் இல்லாதது. எனக்கு எட்டவில்லை. உங்கள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறேன்.

மிர்குலின் அம்மா