தலைகீழ் அரிச்சுவடி

வெள்ளைத்தாய்க்கு,

இன்னொரு அரிச்சுவடி வாங்கி அனுப்பச் சொல்கிறாய். மூன்று வாங்கியாயிற்று. கோவில்பட்டியில் இனிக் கடையில்லை. குறை புத்தகத்தில் இல்லையடி.

கால் விளங்காத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள், வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறாய், சரி. ஆனால் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே அதிலுள்ள எழுத்தைத்தானே காட்டுகிறாய்? அவள் உனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எல்லா எழுத்தும் தலைகீழ்! அதனால்தான் எந்தப் புத்தகத்தையும் தலைகீழாகப் பிடிக்கிறாள். இன்று பட்டறையில் மேஸ்திரி விரித்த வரைபடத்தை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

போன ஞாயிறு, “ஏட்டி மக்கு, புத்தகத்த நேராப் பிடி” என்று கத்தினேன். “நேராத்தான் பிடிச்சிருக்கேன்ப்பா” என்றாள். அடித்துவிட்டேன்.

இனி அவளை உன் பக்கத்தில் உட்கார வை. அவள் சொன்னது சரிதான் என்று நீ சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வந்து நானே சொல்லணும்.

அவள் அப்பன்