ஏழாம் அடிக்குறிப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம், இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுவதாக மாடிவீட்டு டீச்சர் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். இந்தக் கடிதத்தை அவளே படமெடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், அசல் தபாலில் வரும். திங்கட்கிழமை நீ கட்டுரையைக் கொடுப்பதற்குள் இது உன் கண்ணில் பட வேண்டும், அதனால்தான் இந்த அவசரம்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய பொருளைத் தூக்கி எறிந்து புதிது வாங்குவதைவிடப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே பூமிக்கு நல்லது என்ற வாதத்தை எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறாய். பகலில் ஆஸ்பத்திரி வேலையில் நின்று கால் வீங்கி, மாலையில் கல்லூரிக்குப் போய், அதற்கு மேல் இருபத்தாறு ஆய்வுகளைத் தேடிப் படித்திருக்கிறாய், அதில் இரண்டை ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரர்களே பணம் கொடுத்து எழுத வைத்தவை என்று கண்டுபிடித்து ஒதுக்கியும் இருக்கிறாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று தோன்றியது. பிழைகளைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சுற்றுச்சூழல் என்பதை ஒன்பது இடத்தில் 'ச்' இல்லாமல் எழுதியிருக்கிறாய். சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் புறப்பட்டவள் அந்த ஒற்றெழுத்தையும் காப்பாற்ற வேண்டாமா? எங்கள் கான்வென்ட்டில் இதற்கே முட்டிபோட வைத்திருப்பார்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன் நம் ஃபிரிட்ஜைப் பற்றி நீ கேட்டபோது, முப்பது வருஷமாக ஓடுகிறது, அப்பாவே ரிப்பேர் செய்து விட்டுப்போனது, கரண்டே இழுக்காது என்றேன். அதற்கு நீ, "அம்மா, நீங்க சொன்னா எனக்குப் போதும், கட்டுரைக்குப் போதாது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை, கவனித்திருப்பாய். பிறகு ப்ளக்கில் செருகிக் கரண்ட் அளக்கும் அந்தச் சின்ன மீட்டரை நீ பார்சலில் அனுப்பினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாலையும் காய்கறியையும் எடுத்துக்கொண்டுபோய் மாடிவீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன், குளிரைக் குறைக்கும் பக்கமாகத் திருகைத் திருப்பினேன், ஒரு நாள் முழுக்கக் கதவைத் தொடவே இல்லை. காலி டப்பாவாக நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததை அளந்துதான் ஒரு நாளைக்கு ஒன்று புள்ளி நான்கு யூனிட் என்று உனக்குச் சொன்னேன். நீ அதை அப்படியே எழுதிக்கொண்டாய். அப்பாவின் கைவேலை தோற்றுவிடக் கூடாது என்று நினைத்தேனே தவிர, உன் கட்டுரையை நினைக்கவில்லை.

அப்புறம் கட்டுரை வந்தது. ஏழாவது அடிக்குறிப்பில், வீட்டில் அளந்தவர் என் அம்மா, அரைப்புள்ளி பிசகினாலும் விடமாட்டார் என்று எழுதியிருக்கிறாய். ஊரெல்லாம் பொய் ஆதாரத்தைக் கண்டுபிடித்து ஒதுக்கிய பெண் என் பொய்யை மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டாளே என்று இருந்தது.

மறுபடி அளந்தேன். பாலும் காயும் உள்ளே, திருகு வழக்கமான இடத்தில், கதவை எப்போதும்போல் திறந்து மூடி, ஏழு நாள். சராசரி மூன்று புள்ளி ஒன்று. இரண்டு மடங்குக்கு மேல். அப்பாவிடம் வேலை பழகிய மெக்கானிக்கை, அதுதான் நீ ஸ்க்ரூ மாமா என்று கூப்பிடுவாயே, வரச்சொன்னேன். அவர் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார், வெண்ணெயில் கத்தி போல் வந்துவிட்டது, ரப்பர் தளர்ந்திருக்கிறதாம். புது ரப்பர் போட்டுப் பார்த்தும் இரண்டு புள்ளி ஏழுக்குக் கீழே வரவில்லை. நீ கண்டுபிடித்த புது ஃபிரிட்ஜ் கணக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர், "அண்ணி, அண்ணன் ரிப்பேர் பண்ணினது தப்பே இல்ல. அன்னைக்குப் புதுசா வந்த ஃபிரிட்ஜும் இவ்வளவு இழுத்துச்சு" என்றார். பின்பக்கத் தகட்டைத் துடைத்துக் காட்டினார், ஒவ்வொரு முறை பழுதுபார்த்த தேதியையும் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், ஐந்து தேதிகள். அதையும் படமெடுத்து அனுப்ப டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். என் எண்ணைப் போல் இல்லை, அது நம்பக்கூடியது.

இந்தக் கட்டுரை தேறாவிட்டால் ஒரு வருஷம் வீண் என்று எனக்குத் தெரியும், நாலு நாளில் வாதத்தை மாற்றி எழுத வைத்துவிட்டேன் என்பதும் தெரியும். ஆனால் உன் வாதம் விழுந்துவிடவில்லை பாப்பா. தையல் மெஷினுக்கும் நாற்காலிக்கும் சைக்கிளுக்கும் அது அப்படியே நிற்கிறது, நாள் முழுக்கக் கரண்ட் குடிக்கும் பொருளிடம்தான் இடறுகிறது. அந்த இடறலை நீயே முதலில் சொல்லிவிட்டால் எதிராளி சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? அதை எப்படிச் சொல்வது என்று நான் எழுதித்தரப் போவதில்லை, என்னைவிட உனக்கு நன்றாக வரும். ஃபிரிட்ஜைச் சனிக்கிழமை ஸ்க்ரூ மாமா எடுத்துக்கொள்கிறார். அதிலுள்ள வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்க வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் நீ எழுதியிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே, பிள்ளைகளுக்கு என் முத்தம், கட்டுரையைத் தட்டச்சு செய்து தரும் மாப்பிள்ளைக்கு என் ஆசி. எடுத்த காரியம் நிமிர்ந்து நிற்கும், உன்னைப் போல. மறக்காமல் அந்த ஒன்பது ஒற்றெழுத்தையும் போட்டுவிடு. ஏழாம் அடிக்குறிப்பில் எண்ணை மட்டும் மாற்று, என்னைப் பற்றிய வரியை எடுக்காதே. இப்போது அது உண்மைதான்.

என்றும் உன் அம்மா