கடைசிச் சீட்டு

கும்மிடிப்பூண்டி

அன்பு நைனாவுக்கு சோனியாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பெனியில் எங்கள் லைனில் ஆறு பேர். பொங்கல் லீவு இரண்டு பேருக்குத்தான். சூப்பர்வைசர் எட்வர்ட் சார் ஆறு சீட்டையும் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினார். எல்லோரும் முதலில் எடுக்க முண்டினார்கள். எனக்கு மாலை வகுப்பில் இப்போது நிகழ்தகவு நடக்கிறது. "முதல்ல எடுத்தாலும் கடைசியா எடுத்தாலும் எல்லாருக்கும் மூணுல ஒரு பங்குதான்டி" என்று சொல்லிக் கடைசியில் போய் நின்றேன்.

என் முறை வருவதற்குள் இரண்டு லீவும் போய்விட்டன. இருந்தாலும் என் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை.

முதலிலேயே லீவு வாங்கிய கிறிஸ்டினா, "இன்னாடி, உன் கணக்கு இன்னா சொல்லுது?" என்றாள்.

"கணக்கு கரெக்ட்தான்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

போன வருஷம் கிடைக்காததால் இந்த வருஷம் கட்டாயம் கிடைக்கும் என்றீர்களே? போன வருஷம் நடந்தது சீட்டுக்குத் தெரியாது, நைனா.

கிறிஸ்டினா நம் பள்ளிப்பட்டுக்குத்தான் வருகிறாள். அவளிடம் வறுத்த வேர்க்கடலையும், போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். துவைத்தது வேண்டாம்.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. பொங்கலன்று நான் இல்லாவிட்டாலும் எனக்கும் ஓர் இலை போட்டுவிடுவீர்கள். கட்டாயம் நடப்பதற்கு நிகழ்தகவு ஒன்று என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த இலையைப் பார்த்து அம்மா அழுவதற்கும் அதே ஒன்றுதான். இந்தமுறை போடாதீர்கள்.

உங்கள்
சோனியா